விழேக்க நோகுது தானே

2024 ஏப்ரல் 8, திங்கட்கிழமை. விடியப்புறம் நாலேகால். அலாரம் அடிக்க முதலே எழும்பிவிட்டேன். விடுதி அறையில் மற்ற மூன்று பேரும் நல்ல நித்திரை. ஃபோன் வெளிச்சம் அவர்களுடைய முகத்தில் படாமல் போர்வைக்குள் தலையை விட்டு, ஒரு காதில் மட்டும் இயர்ஃபோனைப் போட்டுக்கொண்டு, லிங்க் வேலை செய்யுதா என்று பார்த்தேன். பிலடெல்பியாவில் அப்போது ஞாயிறு பின்னேரம். லிங்கன் ஃபினான்ஷியல் ஃபீல்ட் மைதானத்தில் ரெஸில்மேனியா 40இன் இரண்டாம் இரவு தொடங்கப்போகிறது. எங்கள் நேரப்படி நாலரை.

எட்டு மணிக்கு விரிவுரை. மேசையில், புத்தகங்களுக்குக் கீழே, சிறப்புக் கலைக்கு எந்தப் பாடம் செய்யப்போகிறோம் என்று நிரப்பிக் கொடுக்கவேண்டிய படிவம் ஒன்று மூன்று நாளாகக் கிடந்தது. பெயர், சுட்டெண் எல்லாம் எழுதியாயிற்று. பாடம் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மல்யுத்தம்.

"இந்த வயசிலயும் டபிள்யுடபிள்யுஈ பாக்கிறியா?" என்பது நான் அடிக்கடி கேட்கிற கேள்வி. அதற்கடுத்தது, "அது பொய் எண்டு தெரியாதா?" தெரியும். ஆறாம் ஆண்டிலேயே தெரியும். வகுப்புப் பெடியன் ஒருவன் எல்லாருக்கும் முன்னால் அதைச் சொல்ல, நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா வயரிங் வேலை முடித்து வந்து, காலைக் கழுவிவிட்டு, பிளேன்ரீயோடு ரீவிக்கு முன்னால் பாயில் இருந்தார். நான் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"பொய்தான் பிள்ளை. எழுதி வச்சுத்தான் அடிபடுகினம். ஆனா விழேக்க நோகுது தானே."

எங்கள் வீட்டில் கேபிள் எடுத்த நாளிலிருந்து ரென் ஸ்போட்ஸ்தான். அம்மாவுக்கு அந்தச் சத்தமே பிடிக்காது. "உந்த அடிபிடியை நிப்பாட்டுங்கோ, பிள்ளை படிக்கவேணும்" என்று குசினியிலிருந்து குரல் வரும். அப்பம்மாவோ அதை முழு உண்மை என்று நம்பியவர். யாராவது கீழே கிடந்து அடி வாங்கினால் கதிரையை விட்டு எழும்பி, "ஐயோ, ஆரும் விலக்குப் பிடியுங்கோவன்" என்று கத்துவார். நடுவர் பக்கத்தில் நின்றும் பிடிக்காததுதான் அவருடைய பெரிய கவலை. "உவனுக்கு என்னத்துக்குச் சம்பளம்?" அம்மாவுக்கு அது சத்தம், அப்பம்மாவுக்கு உண்மை. அப்பாவும் நானும் இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் இருந்து பார்த்தோம்.

2014இல் அண்டர்டேக்கர் தோற்றபோதும் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். ரெஸில்மேனியாவில் 21 தடவை தோற்காத மனிதரை நியூ ஓர்லியன்ஸில் புரொக் லெஸ்னர் மூன்று எண்ணும்வரை அமத்திப் பிடித்தார். அரங்கமே வாயடைத்துப்போயிற்று. அப்பா ரீவியை நிறுத்தினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்கிற மாதிரி, திரும்பப் போட்டுப் பார்த்தார். திரையில் 21-1 என்று இருந்தது.

உயர்தரத்தோடு இந்தப் பழக்கம் நின்றுபோயிற்று. அப்பாவுக்கு நான் கணிதம் படிக்கவேண்டும். 95 இடப்பெயர்வோடு அவருடைய படிப்பு நின்றது. பொறியியல் செய்ய ஆசைப்பட்ட மனிசன், ஆட்களின் வீட்டுச் சுவரில் காடி வெட்டி வயர் இழுத்து எங்களை வளர்த்தார். "நான் விட்டதை நீ முடிக்கவேணும்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. முதல் தடவை கணிதத்தில் எடுத்து, வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் போகவில்லை. இரண்டாம் தடவை கலைப்பிரிவில் எடுத்து இங்கே வந்தேன். அப்பா கோபப்படவில்லை. "சரி" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் கதை குறைந்துவிட்டது. ஃபோனில் சாப்பாடு, காசு, பஸ் இவ்வளவும்தான்.

இவ்வளவையும் சொல்லாமல் கோடி ரோட்ஸ் வென்ற கதையை என்னால் சொல்ல ஏலாது.

பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். கோடியின் அப்பா டஸ்டி ரோட்ஸ். ஒரு பிளம்பரின் மகன் என்று தன்னைத்தானே பெருமையாக அறிமுகப்படுத்தியவர். தொந்தி, சுருட்டைமுடி, நெற்றி முழுக்கத் தழும்பு. என்டபிள்யுஏ உலகப் பட்டத்தை மூன்று முறை வென்றவர். 1985இல் "ஹார்ட் ரைம்ஸ்" என்று இன்றைக்கும் பேசப்படுகிற ஒரு பேச்சைப் பேசினார். எதிராளிக்குச் சவால் விடவேண்டிய நேரத்தில், வேலை இழந்த நெசவாலைத் தொழிலாளரையும் கார் தொழிற்சாலைத் தொழிலாளரையும் பற்றிப் பேசினார். ஆனால் நியூயோர்க்கின் பெரிய பட்டம், இன்றைய டபிள்யுடபிள்யுஈ பட்டம், அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1977இல் மடிசன் ஸ்குவெயார் கார்டனில் சூப்பர்ஸ்டார் பில்லி கிரஹாமை வென்றார். ஆனால் எதிராளி ரிங்குக்கு வெளியே நின்று எண்ணிக்கை முடிந்ததால் வந்த வெற்றி அது. அப்படி வென்றால் பட்டம் கைமாறாது என்பது விதி. 1989இல் அதே கம்பனிக்கு வந்தபோது அவருக்கு மஞ்சள் பொட்டுப் போட்ட உடுப்பைக் கொடுத்து ஆடவிட்டார்கள். 2015இல் இறந்துபோனார்.

மகன் அதே கம்பனியில் முகத்தில் சாயம் பூசி "ஸ்டார்டஸ்ட்" என்ற கோமாளி வேடத்தில் நின்றான். 2016இல் வெளியே போனான். மற்றவர்களோடு சேர்ந்து ஏஈடபிள்யு என்ற போட்டிக் கம்பனியைத் தொடங்கினான். 2022இல் ரெஸில்மேனியா 38க்குத் திரும்பி வந்து, அப்பாவுக்குக் கிடைக்காத பட்டத்தை எடுக்கத்தான் வந்திருக்கிறேன், கதையை முடிக்கப்போகிறேன் என்றான். இரண்டு மாதம் கழித்து நெஞ்சுத் தசை கிழிந்தது. இது எழுதிவைத்த காயமில்லை, உண்மையான காயம். நெஞ்சின் ஒரு பக்கமும் கையும் கத்தரிக்காய் நிறத்தில் கறுத்திருக்க, அப்படியே ஹெல் இன் எ செல் கூண்டுக்குள் போய் ஸெத் ரோலின்ஸோடு அடிபட்டான். அந்தப் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். நாங்கள் அதிகம் கதைக்காத காலம் அது. "பாத்தியே, நோகுது" என்று மட்டும் பதில் வந்தது.

மறுபக்கத்தில் ரோமன் ரெய்ன்ஸ். 2020 ஆகஸ்ட் 30இலிருந்து பட்டம் அவரிடம். ரெஸில்மேனியா 39இல் கோடி அவரை வெல்வான் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். ரோமனின் சொந்தக்காரன் சோலோ சிக்கோவா குறுக்கே வந்து கெடுத்தான். இன்னொரு வருடம் காத்திருந்தோம். 2024 ஜனவரியில் கோடி ரோயல் ரம்பிளை இரண்டாம் முறை வென்றான். அடுத்த வாரமே தன்னுடைய இடத்தை த ரொக்குக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரி ஒரு காட்சி வந்தது. ரொக் அப்போதுதான் அந்தக் கம்பனியின் தாய் நிறுவனமான ரிகேஓவின் இயக்குநர் சபைக்குள் வந்திருந்தார். ஹொலிவூட் நடிகர், பங்குக்காரர், ரோமனின் உறவுக்காரர். இணையத்தில் கோடிதான் வேண்டுமென்று ரசிகர்கள் கொந்தளித்தார்கள். நானும் இரண்டு நாள் இருந்து பதிவு போட்டேன். கதை மாறியது. மாற்ற முதலே திட்டமிருந்ததா, எங்களுடைய சத்தத்தால்தான் மாறியதா என்பதில் ரசிகர்கள் இன்றைக்கும் சண்டை பிடிப்பார்கள். எனக்கு இரண்டாவதை நம்பத்தான் விருப்பம்.

இரண்டு இரவையும் பார்த்து முடித்தபோது எனக்குப் பட்டது, இது முழுக்க முழுக்கக் குடும்பக் கதை என்பது. நாங்கள் றால்குழம்புக்கும் காணிக்கும் சண்டை பிடிக்கிற மாதிரி இவர்கள் பட்டத்துக்குப் பிடிக்கிறார்கள். ரோமனின் கூட்டத்துக்குப் பெயரே "இரத்த உறவு". அவர் தலைவர். சமோவாப் பாரம்பரிய மாலையைக் கழுத்தில் போட்டு வருவார். தன்னை ஏற்றுக்கொள் என்று எல்லாரிடமும் கேட்பார். 2020இல் மச்சான்முறையான ஜே ஊஸோ ஏற்றுக்கொள்ள மறுத்தான். அவனை அடித்துப் பணியவைக்க முடியவில்லை. அவனுடைய இரட்டைச் சகோதரன் ஜிம்மியின் கழுத்தை அவனுக்கு முன்னால் நெரித்தார் ரோமன். ஜே அழுதுகொண்டு பணிந்தான். பெரியவர் சொன்னால் கேட்கவேண்டும், குடும்பமானம், நாலு பேர் என்ன சொல்லுவினம், இதெல்லாம் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரித்தான் ஒலிக்கிறது. நாலு வருடம் கழித்து, முதலாம் இரவில், ஜேயும் ஜிம்மியும் தனித்தனியாக எதிரெதிரே நின்றார்கள். மட்ச் என்று பார்த்தால் அது சுமார். உதைக்கு உதை, அவ்வளவுதான். ஆனால் ஜிம்மி மன்னிப்புக் கேட்கிற மாதிரி நடித்து ஏமாற்றிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு மன்னிப்பை நான் பார்த்திருக்கிறேன்.

அதே இரவில் இன்னொரு மகனும் இருந்தான். டொமினிக் மிஸ்டீரியோ. ரே மிஸ்டீரியோவின் பிள்ளை. 2005இல், எட்டு வயதில், எடி கெரேரோவும் ரேயும் "இவன் யாருடைய பிள்ளை" என்று ஏணி வைத்து அடிபட்ட கதையில் அழுதுகொண்டு நின்ற சின்னப் பெடியன். வளர்ந்து 2022இல் கார்டிஃபில் அப்பாவையே அடித்து வீழ்த்தினான். அன்றிலிருந்து அவன் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாலே அரங்கம் ஊளையிடும், ஒரு சொல்லும் கேட்காது. முதலாம் இரவில் ரேயும் அன்ட்ராடேயும் ஒரு பக்கம், சன்டோஸ் எஸ்கொபாரும் டொமினிக்கும் மறுபக்கம். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் வீரர்கள் இரண்டு பேர் முகமூடியோடு வந்து ரேக்கு உதவினார்கள். ஊர்ச்சனம் சந்தோசப்பட்டது. டொமினிக் தோற்றான்.

கோடி அப்பாவின் கடனை அடைக்கிற பிள்ளை. அவனுக்குக் கைதட்டல். டொமினிக் அப்பா சொல் கேளாத பிள்ளை. அவனுக்கு ஊளை. நானும் போர்வைக்குள் இருந்து ஊளையிட்டவள்தான். ஆனால் மேசையில் கிடந்த படிவம் நினைவுக்கு வந்தபோது, நான் இந்த இரண்டு பேரில் யார் என்று ஒரு சந்தேகம் வந்தது. நான் நிரப்ப நினைத்த பாடம் நாடகமும் அரங்கியலும். அப்பா, கலைப்பிரிவு என்று ஆனபிறகு, குறைந்தது பொருளியலாவது செய்வேன் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் இரவுக்கு வருகிறேன். முதல் மட்ச்சிலேயே ட்ரூ மக்கின்டயர், ஸெத் ரோலின்ஸை வென்று பட்டம் எடுத்தார். எடுத்தவர் பேசாமல் போயிருக்கலாம். ரிங்குக்குப் பக்கத்தில் காயத்தோடு வர்ணனைக்கு இருந்த சிஎம் பங்கைச் சீண்டப்போய், அடி வாங்கி, அந்தக் கேப்பில் டேமியன் ப்ரீஸ்ட் பெட்டியோடு ஓடிவந்து பட்டத்தைக் கொண்டுபோய்விட்டான். எத்தனையோ வருடம் காத்திருந்த பட்டம் சில நிமிடத்தில் போயிற்று. நான் சத்தமாகச் சிரித்ததில் பக்கத்துக் கட்டில்காரி எழும்பிவிட்டாள்.

"எடியே, விடியக்காலமை என்னடி செய்யிறாய்?"

"ரெஸில்மேனியா."

"விசர்" என்று மற்றப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பத்து நிமிடத்தில் என் கட்டிலுக்கு வந்து மற்ற இயர்ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

பெய்லி, இயோ ஸ்கையை வென்ற மட்ச்சை இரண்டு பேருமாகத்தான் பார்த்தோம். பெய்லி உருவாக்கிய கூட்டமே அவளை வெளியே தள்ளியது. அந்தத் தள்ளலுக்குப் பதில் சொல்கிற மட்ச். இயோ மூலைக்கம்பத்தில் ஏறி நின்று பின்பக்கமாகப் புரண்டு பாய்ந்தபோது இவள் என் கையைக் கிள்ளினாள். "இதுவும் பொய்யாடி?" சின்ன வயதில் பெண்களின் மட்ச் வந்தால் அப்பா, "தண்ணி எடுத்துக்கொண்டு வா பிள்ளை" என்பார். திரும்பி வர முடிந்திருக்கும். தண்ணீர் எடுக்கிற நேரம்தான் அவர்களுக்குக் கிடைத்த நேரம். 2015இல் ரசிகர்கள் இணையத்தில் கேட்டுக் கேட்டுத்தான் அது மாறத் தொடங்கியது. 2019இல் ரெஸில்மேனியாவின் கடைசி மட்ச்சையே பெண்கள் ஆடினார்கள். இந்த முறை முதலாம் இரவைத் தொடக்கிவைத்தது ரியா ரிப்ளியும் பெக்கி லின்ச்சும். தண்ணீர் எடுக்க ஒருவரும் எழும்பியிருக்கமாட்டார்கள்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதாமல் விட மனமில்லை. அதே 2024 ஜனவரியில், இந்தக் கம்பனியைப் பல பத்தாண்டுகள் நடத்திய வின்ஸ் மக்மஹன் மீது முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் பாலியல் வன்முறை, ஆட்கடத்தல் என்று குற்றஞ்சாட்டி வழக்குப் போட்டார். அவர் மறுத்தார். அடுத்த நாளே பதவியை விட்டு விலகினார். ரெஸில்மேனியா 40 முழுக்க "புதிய யுகம்" என்ற பேச்சு. அந்தப் பேச்சில் பழைய யுகத்தில் என்ன நடந்தது என்ற கேள்வி வரவில்லை. நான் இதைத் தெரிந்துகொண்டுதான் பார்த்தேன், சந்தோசப்பட்டேன். அதற்கு என்னிடம் நல்ல நியாயம் ஒன்றுமில்லை. ரசிகையாக இருப்பதில் இந்த அசிங்கமும் ஒரு பங்கு, அதை மறைத்துவிட்டுக் கோடிக்கு மட்டும் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

கடைசி மட்ச். எட்டு மணி விரிவுரைக்கு மற்ற இரண்டு பேரும் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அசையவில்லை. முதலாம் இரவில் ரொக்கும் ரோமனும் வென்றதால், இந்த மட்ச் "இரத்த உறவு விதிகள்"படி நடந்தது. அதாவது விதியே இல்லை, யாரும் உள்ளே வரலாம். வந்தார்கள். ஜிம்மி வந்தான், அவனைத் தடுக்க ஜே வந்தான். சோலோ வந்தான். ஜோன் சீனா வந்தார், பின்னால் ரொக் வந்தார். நேர்மையாகச் சொன்னால், மட்ச்சாகப் பார்த்தால் இது பிழையான மட்ச். இரண்டு வருடக் கதையை முடிக்க வந்தவனை ஓரத்தில் படுக்கவைத்துவிட்டு, வந்த விருந்தாளிகள் எல்லாம் அடிபடுகிறார்கள். முதலாம் இரவில் ஸாமி ஸெய்ன், குந்தரின் 666 நாள் ஆட்சியை முடித்த மட்ச்சில் இப்படி ஒருவரும் வரவில்லை. இரண்டு பேர், ஒரு ரிங், பார்வையாளர் வரிசையில் ஸாமியின் மனைவி. அவ்வளவுதான். எழுத்து என்று பார்த்தால் அதுதான் இந்த இரண்டு இரவிலும் சிறந்தது. தனியாகக் கொடுத்தால் கோடியின் மட்ச்சும் அப்படி ஆகியிருக்கும்.

இதையெல்லாம் நான் இவளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்க, விளக்குகள் அணைந்தன. மணி ஒன்று அடித்தது.

அந்த மணி யாருடையது என்று என் வயதில் ரீவி பார்த்த எவருக்கும் தெரியும். வெளிச்சம் வந்தபோது ரொக்குக்குப் பின்னால் அண்டர்டேக்கர் நின்றார். ரொக்கின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி அடித்தார். திரும்ப இருட்டு. வெளிச்சம் வர ஆளில்லை. 2020இல் ஓய்வுபெற்ற மனிதர். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என்ன நினைத்தேன் என்று கேட்டால், "அப்பா இதைப் பாக்கேல்லையே" என்றுதான்.

ஆனால் மட்ச்சை முடித்தது அவர் இல்லை. அதை முடித்தது ஒரு கதிரை. 2014இல் த ஷீல்ட் என்று மூன்று பேர் சகோதரர்கள் மாதிரி இருந்தார்கள். ஒருநாள் ஸெத் ரோலின்ஸ் கதிரையால் ரோமனின் முதுகில் அடித்துக் கூட்டத்தை உடைத்தான். அன்றைக்கு இரவு பிலடெல்பியாவில் ஸெத் அந்தப் பழைய ஷீல்ட் உடுப்போடு வந்திருந்தான். ரோமனின் கையில் கதிரை. ஒரு பக்கம் விழுந்து கிடக்கிற கோடி. அவனை ஒரு அடி அடித்தால் மட்ச் முடிந்தது, பட்டம் தங்கும். மற்றப்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஸெத். ரோமன் இரண்டு பேரையும் பார்த்தார். பத்து வருடத்துக்கு முந்திய முதுகுவலி அவருக்கு ஞாபகம் வந்தது. ஸெத்தை அடித்தார். அந்த நேரத்துக்குள் கோடி எழும்பிவிட்டான். குறோஸ் ரோட்ஸ் ஒன்று, இரண்டு, மூன்று. நடுவர் மூன்று எண்ணினார். 1316 நாள் முடிந்தது.

ரொக்கின் பலத்தாலும் இல்லை, அண்டர்டேக்கரின் பலத்தாலும் இல்லை. பழைய கோபத்தைக் கீழே வைக்க ஏலாததால் ரோமன் தோற்றார். இதைச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை. ஒரு மனிசன் தலையைத் திருப்பிப் பார்த்தான், அவ்வளவுதான். மைதானத்தில் கடைசி வரிசையில் இருந்தவனுக்கும் அது விளங்கியது, மங்கலான லிங்க்கில் பார்த்த எனக்கும் விளங்கியது. முதல் தடவையாக மட்ச் பார்த்த இவளுக்கும் விளங்கியது. "அவன் பழசை நினைச்சிட்டான் என்ன?" என்று கேட்டாள். மேலே பிழையான மட்ச் என்று சொன்னேனே, அந்தப் பிழையை இந்த ஒரு பார்வைக்காக மன்னிக்கலாம்.

எங்கள் ஊர்க் கோயிலில் காத்தவராயன் கூத்துப் போடுவார்கள். இரவிரவாக நடக்கும். காத்தான் கழுவேறப்போகிறான் என்பது வந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், குழந்தைகளுக்கும் தெரியும். காத்தானாக ஆடுகிறவர் யாருடைய மகன், என்ன தொழில், போன கிழமை யாரோடு சண்டை பிடித்தவர் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் விடியப்புறம் கழுமரத்தில் ஏறும்போது அப்பம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பார். "அது பொய் அப்பம்மா" என்று அங்கே ஒருவரும் சொல்வதில்லை. கோடி தோற்றுப்போனவர்களின் மகனாக வந்து, அந்த நீண்ட பாதையில் நடந்து, எழுபதாயிரம் சனம் அவனோடு சேர்ந்து பாடியதைப் பார்த்தபோது, நாடகத்தைப் படிக்க நினைத்தது எங்கேயிருந்து தொடங்கியது என்று எனக்குத் தெளிவாக விளங்கியது. கோயில் வீதியிலும் அப்பாவின் பாயிலும்.

கோடியின் குடும்பம் ரிங்குக்குள் வந்தது. எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் முழுச் சந்தோசமாக அழ முடியவில்லை. ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கோடிக்கு அந்தப் பட்டம் உண்மையிலேயே வேணும். அவனுடைய அப்பாவின் ஆசையும் அவனுடைய ஆசையும் அதிர்ஷ்டவசமாக ஒன்றாக அமைந்துவிட்டன. அமையாத பிள்ளைகளுக்கு என்ன கதை எழுதுவது? அப்பாவை அடித்துவிட்டு ஊளை வாங்குவது மட்டும்தானா? டஸ்டி தன்னுடைய கடைசி வருடங்களில் அந்தக் கம்பனியின் பயிற்சி நிலையத்தில் இளையவர்களுக்கு மைக் பிடித்துப் பேசப் பழக்கினார். தனக்குப் பட்டம் தராத இடத்தில், பிறத்தியாரின் பிள்ளைகளுக்கு, அவரவருடைய குரலைத் தேடிக் கொடுத்தார். என்னைக் கேட்டால், அவருடைய கதை அங்கேயே ஓரளவு முடிந்துவிட்டது.

விரிவுரைக்குப் போகவில்லை. படிவத்தை எடுத்தேன். நாடகமும் அரங்கியலும் என்று எழுதினேன். எழுதிவிட்டு அப்பாவுக்கு ஃபோன் எடுத்தேன். ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது.

"என்ன பிள்ளை, வகுப்பு இல்லையே?"

"இருக்கு அப்பா. போகேல்லை. கோடி வெண்டிட்டான்."

"எந்தக் கோடி?" எங்கள் ஊரில் கோடி என்றால் வீட்டின் பின்பக்கம்.

"டஸ்டி ரோட்ஸின்ர மகன். அந்த நெஞ்சு கறுத்தவன்."

"ஓமோம். வெண்டிட்டானோ? தகப்பனுக்குக் கிடைக்காதது, என்ன?"

"ஓம் அப்பா." மூச்சை எடுத்துக்கொண்டேன். "அப்பா, நான் ஸ்பெஷலுக்கு நாடகம் போட்டிருக்கிறன்."

ஆணிச் சத்தம் நின்றது.

"நாடகமோ."

"ஓம்."

"அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கலாம்?"

"ரீச்சிங் எடுக்கலாம். வேறயும் இருக்கு. எனக்கு அதுதான் வரும் அப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பின்னால் யாரோ மெயின் சுவிட்சைப் பற்றிக் கேட்டார்கள். "பொறுங்கோ வாறன்" என்று அவர்களுக்குச் சொன்னார். எனக்கு, "சரி, வைக்கிறன். வேலை கிடக்கு" என்றார். வைத்துவிட்டார். அதே பழைய "சரி". நான் கட்டிலில் இருந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் பக்கத்தில் நித்திரையாகிவிட்டாள், ஒரு இயர்ஃபோன் இன்னும் அவளுடைய காதில்.

பின்னேரம் போய்ப் படிவத்தைக் கொடுத்தேன். கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டார்கள், வேறு ஒன்றும் நடக்கவில்லை. அண்டர்டேக்கர் வந்த துண்டை மட்டும் வெட்டி அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மத்தியானம் கதைத்ததைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

இரவு பத்தரைக்கு இரண்டு நீலக்கோடு விழுந்தது. அப்பா தட்டச்சு செய்கிறார் என்று காட்டியது. நின்றது. திரும்பவும் காட்டியது. அப்பா ஒரு வரி அடிக்க அஞ்சு நிமிடம் எடுப்பார். நான் காத்திருந்தேன்.

1994இல் கம்பனி வேறொருவருக்கு அதே தொப்பியும் கோட்டும் போட்டு, இரண்டு அண்டர்டேக்கரை அடிபடவிட்டது. அப்பாவுக்கு அந்தக் கோபம் முப்பது வருடமாக ஆறவில்லை. வந்த பதில் இதுதான்:

"இது உண்மையான ஆளோ, வேற ஆரும் வேசம் போட்டதோ? முழு மட்ச்சையும் அனுப்பு. அம்மா படுத்திட்டா."